கடலோரச் சாலையும் கானுயிர்களும்



பயணம் பற்றிய பேச்சுகளில் ‘எதிர்பாராத சந்திப்பு’ என்னும் தொடர் அடிக்கடி இடம்பெறுவதுண்டு. யாரை யார் எதிர்பார்க்கவில்லை என்னும் வினாவை எழுப்பினால், அத்தொடரின் பொருளே மாறிவிடுகிறது. இதற்கு நியூசிலாந்தின் தென்தீவுக் கடற்கரை தக்க சான்றாகும்.

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த்தொட்டி ஆகியன அமைந்த கேம்பர்வேன் என்னும் ஊர்தியே அங்குச் செல்லும் பயணிகள் பலருக்கு வீடு. வடக்கே கைக்கோரா முதல் தெற்கே கேட்லின்ஸ் வரை கடலையொட்டிச் செல்வர். மாலையில் இசைவுள்ள இடத்தில் நிறுத்திச் சமைத்து உண்டு உறங்குவர். காலையில் கதவைத் திறந்தால், எதிரே கடல்நாய் ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருக்கலாம். பயணிக்கு அது வியப்பு. கடல்நாய்க்கோ அது நாள்தோறும் படுக்கும் பாறை.

இதற்குக் காரணம் உண்டு. மனிதர் வந்து சேர்ந்தபோது, வௌவால்களைத் தவிர வேறு தரைவாழ் பாலூட்டி அந்நாட்டில் இல்லை. கரையேறும் உயிர்களை வேட்டையாட நரியோ ஓநாயோ இல்லாமையால், பறவைகளும் கடலுயிர்களும் கரையைத் தம் வீடாகக் கொண்டன.

கைக்கோராவில் மலை கடலை நெருங்கி நிற்கிறது. இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில்தான் நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் மென்மயிர்க் கடல்நாய்களின் பாறைகளும் அமைந்துள்ளன. தோலுக்காக வேட்டையாடப்பட்டு, 19ஆம் நூற்றாண்டில் அழிவின் விளிம்பை எட்டிய இனம் இது. 1978ஆம் ஆண்டின் கடற்பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் இதற்கு முழுக் காப்பு அளித்தது. 2016 நவம்பர் 14 அன்று நேர்ந்த 7.8 அளவு நிலநடுக்கத்தில் மலை சரிந்து, சாலையையும் ஓஹாவ் முனையின் கடல்நாய்க் குடியிருப்பையும் மூடியது. சாலை மீண்டும் திறக்கப்பட 2017 டிசம்பர் ஆயிற்று. கடல்நாய்களோ தாமாகவே திரும்பி வந்தன. அவற்றுக்கு எவரும் திறப்பு விழா நடத்தவில்லை.

அங்கிருந்து தெற்கே சென்றால் ஓமரு நகர். உலகின் மிகச் சிறிய பென்குயின் இனம், இருள் சூழ்ந்தபின் அங்குக் கரையேறுகிறது. ஏறத்தாழ 1 கிலோ எடையுள்ள அப்பறவை சாலையைக் கடந்து, கட்டடங்களின் அடியிலும் கூடமைக்கும். 2016இல் துறைமுகச் சாலையின் கீழே பென்குயின்களுக்கென்றே ஒரு சுரங்கவழி அமைக்கப்பட்டது. ஊர்தியைக் கிளப்புமுன் சக்கரங்களின் அடியைக் குனிந்து பார்ப்பது அவ்வூரில் ஓட்டுநரின் கடமை.

அதற்கும் தெற்கேயுள்ள டனீடன் நகரின் நிகழ்ச்சி இன்னும் சிறப்புடையது. நியூசிலாந்துக் கடற்சிங்கம் உலகின் அரிய கடற்சிங்க இனங்களுள் ஒன்று. வேட்டையால் தலைநிலக் கரைகளில் ஈனுவதையே நிறுத்திவிட்ட அவ்வினத்தில், 1993இல் பெண் ஒன்று ஒட்டாகோ கரையில் குட்டி ஈன்றது. ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளிக்குப்பின் நேர்ந்த மீட்சி அது. தாய்மார் குட்டிகளைக் கரையிலிருந்து விலகிய காட்டுக்குள் கொண்டுசென்று மறைத்து வளர்ப்பதால், சாலையைக் கடக்க நேர்கிறது. 2021இல் கோல்ஃப் திடலில் குட்டியோடு தங்கி, இரைதேடச் சாலையைக் கடந்து கடலுக்குச் சென்றுவந்த ஒரு தாய்க்காக, நகராட்சி ஜான் வில்சன் கடற்சாலையை ஒரு மாதம் மூடிவைத்தது.

எல்லாச் சந்திப்பும் இவ்வாறு இனிதே முடிவதில்லை. கேட்லின்ஸ் பகுதியின் கியூரியோ விரிகுடாவில், மஞ்சட்கண் பென்குயின் மாலையில் இரையோடு கரைசேரும். கரையில் மனிதர் நின்றால், அஞ்சிக் கடலிலேயே தங்கிவிடும். கூட்டில் குஞ்சு பசித்திருக்கும். இறகுதிர்க்கும் காலத்தில், ஏறத்தாழ மூன்று வாரம் நீரில் இறங்க இயலாமல், உணவின்றிக் கரையிலேயே அது நிற்கும். அதனைப் பழகிய பறவை எனக் கருதி நெருங்குவோர் உண்டு. அதற்கு ஓட வழியில்லை என்பதே உண்மை. வேகமாகக் குறைந்துவரும் இவ்வினத்துக்கு ஒரு குஞ்சின் இழப்பும் சிறிதன்று. ஆகவேதான், இப்பென்குயினிடமிருந்து 50 மீட்டரும், கடல்நாய், கடற்சிங்கம் ஆகியவற்றிடமிருந்து 20 மீட்டரும் விலகி நிற்க வேண்டும் என்று அந்நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை அறிவுறுத்துகிறது. அவற்றுக்கும் கடலுக்கும் இடையே நிற்றலும் ஆகாது.

இவ்வறம் தமிழுக்குப் புதிதன்று. அகநானூற்றின் 4ஆம் பாடலில், பூந்தாது உண்ணும் வண்டுகள் கலங்குமே என்று அஞ்சித் தன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வரும் தலைவன் காட்டப்படுகிறான். காதலியைக் காணும் விரைவு அவனுடையது. அதன் துன்பத்தைச் சிற்றுயிர்கள்மேல் ஏற்ற அவன் விரும்பவில்லை. கேம்பர்வேன் ஓட்டிச் செல்வோர்க்கும் இதுவே பாடம். இரவில் வேகத்தைக் குறைத்தலும், ஒளியைத் தணித்தலும், புகைப்படத்துக்காக ஓரடி முன்வைக்காமையும் இன்றைய மணிநாக் கட்டுதல் ஆகும்.

சாலை பின்னர் வந்தது. கரை அவ்வுயிர்களுக்கு முன்னரே உரியது. விருந்தினர் யார் என்பது விளங்கினால், எவ்வளவு தொலைவில் நிற்பது என்பதும் தானே விளங்கும்.