எண்ணும் விலையும் திருமேனியும்

(குடமுழுக்கு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்துவடிவம்)

திருச்சிற்றம்பலம்



குடமுழுக்குக் காலத்தில் திருக்கோயிலுக்கு வருவோர் விமானத்தை அண்ணாந்து நோக்குவர். யாகசாலையை வலம் வருவர். புதிதாக வார்த்து எழுந்தருளுவிக்கப்பெற்ற உற்சவத் திருமேனியின்முன் நெடுநேரம் நிற்பர். அங்ஙனம் நிற்போருள் ஒருவர் அருகில் இருப்பவரிடம், ‘இதற்கு என்ன ஆயிற்று?’ என்று மெல்ல வினவுதலும் உண்டு. வினவுவார்மேல் குற்றம் இல்லை. செம்பும் பொன்னும் விலைகொடுத்தே பெறத்தக்கன. ஸ்தபதியார்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் கூலி வேண்டும். ஆயினும் அவ்வினாவின் பின்னே வேறொரு வினா மறைந்து நிற்கின்றது. படிமங்களைத் தேடித் தொகுப்போர் உலகெங்கும் உளர். அவருட் பலர் ஒரு படிமத்தைக் கண்டவுடன் இரண்டு கேட்பர்: ‘இவ்வாறு எத்தனை வார்த்தனர்?’ என்பது ஒன்று. ‘திரும்ப விற்றால் என்ன கிடைக்கும்?’ என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பொருட்படுத்தத் தக்கனவா, அல்லவா என்பதே இன்று ஆராயப்படுவது.

முதற்கண் எண்ணைப் பற்றிக் காண்போம். மேலைநாட்டு வார்ப்புப் பட்டறைகளில் பெரிதும் வழங்கும் முறை இது: சிற்பி களிமண்ணிலோ சுதையிலோ மூலவுருவைச் சமைப்பார். அதன்மேல் அச்சு எடுப்பர். அவ்வச்சினின்றும் மெழுகுப் பிரதிகள் பல எடுத்து, ஒவ்வொன்றையும் வெண்கலமாக வார்ப்பர். அச்சு இருக்குமளவும் பிரதியும் பெருகும். பெருகினால் முன்னே வாங்கியவன் ஏமாறுவான். ஆதலின், ‘இத்தனைக்கு மேல் வாரோம்’ என்று ஓர் எல்லை கட்டி, ஒவ்வொன்றன்மேலும் அதன் எண்ணைப் பொறித்துக் கொடுக்கும் வழக்கம் உண்டாயிற்று. இதனையே வாணிகர் ‘லிமிடெட் எடிஷன்’ என்பர். எண் வரையறுத்த வார்ப்பு என்று தமிழில் கூறலாம்.

பிரான்சு நாட்டில் இது வாணிகர் வாக்கோடு நில்லாமல் சட்டமாகவும் நிற்கிறது. ஒரு மூலவுருவினின்றும் வார்த்தவற்றுள் 12 மட்டுமே மூலப்படிமம் எனப் பெயர் பெறும். அவற்றுள் 8 எண்ணிட்டு விற்றற்குரியன, 4 சிற்பிக்குரியன. அதற்கு மேற்பட்டன யாவும் பிரதி எனவே கொள்ளப்படும். பெருஞ்சிற்பியாராகிய ரோடின் செய்த ‘கலே நகரத்தார்’ என்னும் படிமத்தொகுதி 1895-ல் கலே நகரில் நிறுவப்பட்டது. ரோடின் 1917-ல் மறைந்தார். அவர் தம் படைப்புக்களையும் வார்க்கும் உரிமையையும் நாட்டுக்கே அளித்துச் சென்றமையால், மறைவுக்குப் பின்னும் வார்ப்பு நடந்தது. இன்று அத்தொகுதி 12 இடங்களில் உண்டு. இலண்டனில் நிற்பதும் டோக்கியோவில் நிற்பதும் கலே நகரில் நிற்பதும் ஒரே மூலவுருவின் மக்களே.

இனி, எண் சிறிதாயின் அழகு மிகுமா? செப்புத் தகட்டில் கீறி அச்சிடும் சித்திரத்தில் தகடு தேயும். ஆதலின் முதற் படி கூர்மையாகவும் கடைசிப் படி மங்கலாகவும் இருக்கும். வெண்கல வார்ப்பில் அத்தகைய வேறுபாடு பெரிதன்று. நல்ல அச்சினின்றும் கருத்தோடு வார்த்தால் முதலாவதும் எட்டாவதும் ஏறத்தாழ ஒத்திருக்கும். ஆயின், வார்த்த படிமத்தின்மேலேயே மறுபடியும் அச்செடுத்து வார்த்தால், உலோகம் ஆறும்போது சுருங்குமாதலின் உரு சிறுத்து, நுட்பமும் மழுங்கும். ஆகவே வாங்குவோன் கேட்கவேண்டியது எத்தனையாவது என்பதன்று. மூலவுருவுக்கு எத்துணை அணுக்கம் என்பதே.

இதற்கு ஒரு சான்று காண்க. டெகா என்னும் ஓவியர் 1917-ல் மறைந்தபின் அவருடைய பட்டறையில் மெழுகாலும் மண்ணாலும் ஆன சிற்றுருவங்கள் பல கிடைத்தன. வாழ்நாளில் அவர் அவற்றை வெண்கலமாக்கினாரல்லர். மரபினர் எழுபதுக்கு மேற்பட்டவற்றை வார்ப்பித்து எழுத்துக்குறி இட்டு விற்றனர். அவ்வார்ப்புக்களுக்கெல்லாம் அச்செடுக்கக் கருவியாயிருந்த முதல் வெண்கலத் தொகுதி நெடுங்காலம் வெளிப்படாமற் கிடந்து, பின்னர் 1977-ல் நார்ட்டன் சைமன் என்னும் அமெரிக்கச் செல்வரால் வாங்கப்பட்டது. விற்பனைத் தொகுதிக்குரிய எழுத்துக்குறி அவற்றின்மேல் இல்லை. ஆயினும் மெழுகில் பதிந்த விரற்சுவடு அவற்றிலேதான் தெளிவாக உள்ளது என்பர் கற்றோர். குறியீடு வாணிகனுடைய வாக்குறுதி. நுட்பமோ கைத்திறத்தின் பேறு. வாக்குறுதி வேண்டாவென்பதன்று, அது பேறாகாது என்பதே கருத்து.

மறுவிலையின் இயல்பும் அறியத்தக்கது. கலைஞர் வறுமையில் விற்ற பொருள் பின்னர்ப் பெருவிலை பெற, அவ்வூதியம் முழுவதும் இடைநின்றாரையே சேர்தல் கண்டு, பிரான்சு நாட்டார் 1920-ல் ஒரு சட்டம் செய்தனர். பொது ஏலத்தில் மறுமுறை விலையாகும் கலைப்பொருளின் விலையில் ஒரு பங்கு கலைஞர்க்கோ அவர்தம் வழியினர்க்கோ சேரவேண்டும் என்பது அதன் பொருள். ஆகவே உயிரோடிருக்கும் கலைஞரின் படைப்பில் மறுவிலை என்பது தீயதென ஒதுக்கற்பாலதன்று. வாங்கியவன் தன் முதல் அழியாமை விரும்புதலும் இயல்பே. வீட்டில் நகை செய்விக்கும் தாய்மார்கள் செய்கூலி, சேதாரம் பார்ப்பதுபோன்றதே அது.

ஆயின் இவ்வளவைக் கோல்களைத் தமிழ்நாட்டுச் செப்புத் திருமேனிகளின்மேல் வைத்துப் பார்க்கும்போது நிலைமை முற்றும் மாறுகின்றது.

சுவாமிமலையில் இன்றும் நிகழும் தொழிலை நேரிற் கண்டோர் அறிவர். தென்னங் குருத்தோலையை மடித்துத் தாள அளவு குறிப்பர். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கூட்டிக் காய்ச்சிய மெழுகினால் உருவைச் செய்வர். அதன்மேல் காவிரி வண்டலை மென்மையாகப் பூசி, நிழலில் உலர்த்தி, மேலும் மேலும் பூசிக் கம்பி கட்டுவர். சூட்டில் மெழுகு உருகி வெளியேற, அது நின்ற வெற்றிடத்தில் உருகிய உலோகம் புகும். ஆறியபின் கருவை உடைப்பர். மெழுகும் போயிற்று, மண்ணும் போயிற்று, எஞ்சியது திருமேனி ஒன்றே. மறுமுறை வேண்டின் மெழுகிலிருந்தே தொடங்கவேண்டும். இம்முறையை வடநூலார் மதூச்சிட்ட விதானம் என்பர். எல்லை கட்டி வாக்குறுதி கொடுக்கும் தேவையே இங்கில்லை. செய்முறையே எல்லை கட்டிவிடுகின்றது. ‘இவ்வாறு எத்தனை?’ என்று கேட்பார்க்கு, ‘இது ஒன்றே’ என்பதே விடை.

விலையைப் பற்றியும் முன்னோர் கருத்து வேறு. தஞ்சைப் பெருங்கோயிலில் இராசராச சோழரும் அவர் தமக்கையார் குந்தவைப் பிராட்டியாரும் அதிகாரிகளும் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகள் அறுபதுக்கு மேற்பட்டவை கல்வெட்டில் உள்ளன. முழம், விரல் என உயரமும், கைகளின் தொகையும், பீடத்தின் அளவும், சாத்திய அணிகலன்களின் எடையும் குறிக்கப்பெற்றுள்ளன. பின்னொரு நாளில் விற்பதற்காக எழுதிய கணக்கன்று அது. ஒருநாளும் விற்கப்படாமைக்காக எழுதிய கணக்கு. கொடுத்த பொருள் கொடுத்தவாறே இருக்கின்றதா என்று பின்வருவோர் ஒப்புநோக்குதற்கே அத்துணை நுட்பமாக அளந்தனர்.

விற்கப்படாதென வைத்ததற்கு மறுவிலை கற்பித்தமையால் நேர்ந்த தீங்கு மூன்று வரலாறுகளால் விளங்கும்.

முதலாவது சிவபுரம். கும்பகோணத்தையடுத்த அவ்வூரில் 1951-ல் மண்ணிலிருந்து நடராசப் பெருமானும் வேறு சில திருமேனிகளும் வெளிப்பட்டுக் கோயிலுக்கு அளிக்கப்பட்டன. பழுதுபார்க்க வேண்டுமென அவை வெளியே சென்றன. திரும்பி வந்தது பிரதி. மூலத் திருமேனி கைமாறிக் கடல் கடந்தது. ஆங்கில அறிஞர் டக்ளஸ் பாரெட் 1965-ல் வெளியிட்ட நூலில் கோயிலில் இருப்பது பிரதியென எழுதினார். 1973-ல் மேலே கூறிய நார்ட்டன் சைமன் அவர்களே அதனை ஏறத்தாழப் பத்து இலட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1976-ல் உடன்பாடு ஏற்பட்டது. 1986-ல் பெருமான் தாயகம் மீண்டார். ரோடினின் எண்ணிட்ட வார்ப்பும் அச்செல்வருடைய காட்சிச்சாலையிலேயே நிற்கின்றது. அதனைப் பற்றி எவரும் வழக்கிட்டாரல்லர். செய்தவர் நாட்டவரே விற்றது அது. இதனையோ விற்றற்கு உரியவர் எவருமிலர்.

இரண்டாவது பத்தூர். 1976-ல் மண்ணிற் கிடைத்த நடராசர் திருமேனி 1982-ல் இலண்டனில் 2,50,000 பவுனுக்கு விலையாயிற்று, காவலர் கைப்பற்றினர். நீதிமன்றம் 1988-ல் கோயிலின் சார்பாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் 1991-ல் அதுவே உறுதியாயிற்று. இடிந்து கிடந்த சிறு கோயிலும் தன் பொருளைக் கேட்டு வழக்காடும் உரிமையுடையது என்பதை அயல்நாட்டு நீதிபதிகளும் ஒப்பினர். பெருமான் அவ்வாண்டே மீண்டார்.

மூன்றாவது அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான். வழிபாடு குன்றிப் பூட்டிக் கிடந்த அவ்வூர்ப் பிருகதீசுவரர் கோயிலிலிருந்து களவுபோன நடராசரை, 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் காட்சிச்சாலை 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. திருமேனிகளைப் பாதுகாப்பான இடத்திற்கு மாற்றும்பொருட்டு அதிகாரிகள் கதவைத் திறந்து, இழப்பை அறிந்ததும் அதே 2008-ல்தான். பொருளை உடையவர் போனதென்று அறியுமுன்னரே வாங்கியவர் விலைகொடுத்து முடித்துவிட்டனர். 2014-ல் அந்நாட்டுத் தலைமை அமைச்சர் தாமே அதனை இந்தியாவிற் கொணர்ந்து ஒப்படைத்தார். எண்ணும் பார்த்தாயிற்று, விலையும் பார்த்தாயிற்று. வந்த வழியைப் பார்க்கவேண்டிய அளவு பார்க்கவில்லை. அதனால் விலை முழுவதும் வீணாயிற்று.

ஈண்டுச் சிலர் ஒரு தடை எழுப்புவர். ‘மந்திரம், கிரியை, பாவனை என்னும் மூன்றாலும் இறைவன் திருவுருவில் விளங்குகின்றான் என்பது ஆகமத் துணிபு. திருப்பணிக் காலத்தில் கலைகளைக் குடத்துக்கு மாற்றிப் பாலாலயம் செய்கின்றனர். அங்ஙனமாயின் சிவபுரத்தில் பிரதியை வழிபட்டார்க்கும் பயன் உண்டன்றோ? பழைய செம்பு எங்கே கிடந்தால் என்ன?’ என்பது அத்தடை. விடை வருமாறு: அன்போடு வழிபட்டார்க்குப் பயன் உண்டு, அதில் ஐயமில்லை. வழிபட்டவர் வஞ்சித்தாரல்லர். ஆயின் அப்பயன் வஞ்சித்தவன் செயலைத் தூய்மை செய்யாது. இறைவனுக்கென்று கொடுத்தது இறைவனுடையதே. கலைகளைக் குடத்துக்கு மாற்றியபோதும் திருவுரு எவர்க்கும் உரிமையாவதில்லை. மீண்டும் எழுந்தருளும் இடமாகவே காக்கப்படுகின்றது.

இன்னும் சிலர், ‘தொகுப்போர் வாங்கியிராவிடின் இவை அழிந்திருக்கும்’ என்பர். இதில் ஒரு கூறு மெய்யே. சென்னை அருங்காட்சியகத்து நடராசர் படிமங்களின் நிழற்படங்களை மட்டுமே கண்டு ரோடின் எழுதிய கட்டுரை 1921-ல் வெளிவந்தது. நேரிற் காணாத ஒருவர் வியந்த பொருளை நாள்தோறும் காணும் பேறுடையோர் தூசு படியவிட்டனர் என்பது மறுக்கலாகாத உண்மை. களவாடியவன் கை ஒன்று. கதவடைத்து மறந்தவர் கை மற்றொன்று. முன்னதை நீதிமன்றம் விசாரிக்கும். பின்னதை விசாரிப்பார் யார்?

இனி முடிவாகக் கூறத்தக்கன. படிமம் தொகுப்போர் மூவகையினர்: ஊதியம் கருதுவோர், அழகு கருதுவோர், வழிபாடு கருதுவோர் என. முதல்வகையினர்க்கு எண்ணும் மறுவிலையும் இன்றியமையாதன. இரண்டாம் வகையினர்க்கு அவை துணைமட்டுமே, கைத்திறமே தலைமை. மூன்றாம் வகையினர்க்கு அவை ஒரு பொருளும் அல்ல. ஆயின் மூவர்க்கும் பொதுவாய கேள்வி ஒன்று உண்டு: ‘இஃது எங்கிருந்து வந்தது?’ என்பது. புதிதாக வேண்டுவோர் சுவாமிமலைக்குச் சென்று வார்ப்பித்துக் கொள்ளலாம். பழம்பொருளன்று என்னும் சான்றிதழைத் தொல்லியல் துறையினிடம் பெற்று அயல்நாட்டுக்கும் கொண்டுசெல்லலாம். அதனால் ஸ்தபதிகள் குடும்பமும் வாழும். நூறாண்டுக்கு மேற்பட்டதை நாடு கடத்தல் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கப்பட்டது.

ஊரார்க்கும் ஒரு கடமை உண்டு. இராசராசர் கல்லில் எழுதியதைத் தாளிலாவது எழுதி வைத்தல் வேண்டும். ஒவ்வொரு திருமேனியையும் முன்னும் பின்னும் பீடத்தோடு நிழற்படம் எடுத்தல் வேண்டும். உயரமும் எடையும், உள்ள பழுதும் குறித்தல் வேண்டும். ஒரு படியைக் கோயிலிலும் மற்றொரு படியை வேறிடத்திலும் வைத்தல் வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1956 முதல் எடுத்துவைத்த படங்களே களவுபோன பல திருமேனிகளை அடையாளம் காட்டத் துணைசெய்தன. எவரோ எடுத்த படம் அத்துணைப் பயன் தருமாயின், உரியவரே எடுத்தது எத்துணைப் பயன் தரும்! எழுத்தினும் பெரிய காவல் ஒன்று உண்டு. அது நாள்தோறும் விளக்கேற்றுதல். விளக்கெரியும் கோயிலில் ஒரு மலர் இடம் மாறினும் மறுநாட் காலையில் ஊர் அறியும்.

நாளை இத்திருமேனி வீதியில் எழுந்தருளும். ‘என்ன விலை?’ என்று குழந்தைகள் கேட்டால், கொடுத்த விலையை மறையாமற் சொல்லுக; கொள்ளும் விலை இதற்கு இல்லை என்பதையும் உடன் சொல்லுக.

திருச்சிற்றம்பலம்