எட்டு வாரத்தில் அடங்கும் கேள்வி



இளநிலை மாணவர்களுக்கான கோடைக்கால ஆய்வுப் பயிற்சி நமக்குப் புதிதல்ல. சி.வி. ராமன் 1934இல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் அகாடமி, புதுதில்லியிலும் பிரயாக்ராஜிலும் உள்ள அகாடமிகளோடு சேர்ந்து, இரண்டு மாதப் பயிற்சிக்கு மாணவர்களை நாடெங்குமுள்ள ஆய்வகங்களுக்கு அனுப்பி வருகிறது. போய் வந்தவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. ஆய்வு கிடைத்ததா என்பதே இந்த அவை பேச வேண்டிய பொருள்.

அது பெரும்பாலும் வழிகாட்டி கொடுக்கும் கேள்வியைப் பொறுத்தது. நெல்லை விதைத்து அறுவடை வரை பார்ப்பதற்கு எட்டு வாரம் போதாது. பழ ஈ அப்படியல்ல. 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் முட்டை ஈயாகப் பத்து நாள் போதும். விடுமுறை முடிவதற்குள் நான்கு தலைமுறை பார்த்துவிடலாம். முதல் கலப்பு பிசகினாலும் மறுபடி செய்ய அவகாசம் உண்டு.

அந்த ஈ மாணவரை வேலை வாங்கும் விதத்தையும் பாருங்கள். கலப்புக்கு இணை சேராத பெண் ஈக்கள் வேண்டும். காலையில் புட்டியிலுள்ள ஈக்களை முழுவதும் அப்புறப்படுத்திவிட்டு, எட்டு மணி நேரத்துக்குள் திரும்பி வந்து, புதிதாக வெளிவந்த பெண் ஈக்களை நுண்ணோக்கியில் பார்த்துப் பிரிக்க வேண்டும். தாமதித்தால் அவை இணை சேர்ந்திருக்கும். கலப்பின் முடிவை நம்ப முடியாது. கல்லூரி மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும் இந்த வேலை காத்திருக்காது.

அடுத்து, எண்ணிக்கை. மெண்டலின் மூன்றுக்கு ஒன்று விகிதம் அச்சடித்தாற்போல் வராது. வந்த வித்தியாசம் தற்செயல்தானா என்று கை-வர்க்கச் சோதனை போட்டுத்தான் சொல்ல முடியும். நம் ரெக்கார்டு நோட்டுகளிலோ எப்போதும் மூன்றுக்கு ஒன்றுதான். பரிசோதனைக்கு முன்பே விடை தெரிந்திருப்பதால், மாணவர் விடையிலிருந்து எண்ணுக்குப் போகிறார். கண்ட எண்ணை அன்றன்றே, அழிக்காமல், தேதியிட்டு எழுதும் பழக்கம் ஒன்று படிந்தாலே கோடைப் பயிற்சி பயன் தந்துவிட்டது என்பேன். சோதனைக்குழாய் கழுவவும் முதுநிலை மாணவருக்குக் கையாளாக நிற்கவும் மட்டும் ஒருவரை வைத்திருந்தால் இந்தப் பழக்கம் வராது.

பயிற்சி முடித்துத் திரும்பும் மாணவரிடம் மறுபடியும் பழைய ரெக்கார்டு நோட்டையே நீட்டினால் கற்றது கரைந்துபோகும். ஆகவே பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அகாடமிகளின் இத்திட்டத்தில் ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். வரும் கோடையில் உங்கள் மாணவரின் விண்ணப்பத்தோடு உங்களுடையதையும் அனுப்புங்கள்.