வெடிப்பை மறைக்காத மேஜை, ஏ.சி. இல்லாத ஹாஸ்டல்

பெங்களூரு கஃபேக்கள்ல ஓரம் சீவாத மரப்பலகை மேஜை பார்த்திருப்பீங்க. வெடிப்புல நீலக் கலர் ரெசின் ஊத்தி வெச்சிருப்பாங்க. அந்த ஸ்டைலைத் தேடிப் போனா ஜார்ஜ் நகாஷிமாகிட்ட போய் நிக்கும். ஜப்பானியப் பெற்றோருக்கு 1905-ல் அமெரிக்காவில் பிறந்தவர், கட்டடக்கலை படிச்சவர். அவர் ரெசின் ஊத்தலை. வெடிப்பை அப்படியே விட்டுட்டு, மேலும் பிளக்காம இருக்க வண்ணத்துப்பூச்சி வடிவ மரத்துண்டைக் குறுக்கே பதிச்சார். எனக்கு அந்த நீலக் கலரைப் பார்த்தாலே எரிச்சல் வரும், அது வேற கதை.

இவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? புதுச்சேரி. 1937-ல் ஆர்க்கிடெக்ட் அன்டோனின் ரேமண்ட், அரவிந்தர் ஆசிரமத்து 'கோல்கொண்டே' விடுதியைக் கட்ட இவரை அனுப்பினார். வந்தவர் சம்பளம் வேண்டாம்னு ஆசிரமத்திலேயே சேர்ந்துட்டார். அங்கே அவர் பேர் சுந்தரானந்தா. அறைகளுக்குத் தேக்குல ஃபர்னிச்சரும் அவரே வரைஞ்சார்.

அந்தக் கட்டடத்துல சுவர் இருக்க வேண்டிய இடத்துல வரிசையாகத் திருப்பக்கூடிய பட்டைகள். வெயில், மழையைப் பொறுத்துத் திருப்பிக்கலாம். கதவு தேக்குச் சட்டங்களால ஆன நகரும் கதவு, சாத்தினாலும் காத்து வரும். கூரைக்கு மேல வளைஞ்ச ஓட்டுப் பலகைகள், நடுவுல காத்து இடைவெளி. அதனால சூடு நேரா உள்ளே இறங்காது.

இப்போ ஓசூர் கம்பெனிகளுக்கு வர்ற பசங்களுக்காக பேரிகை வரைக்கும் எழும்புற ரூம்களை நினைச்சுப் பாருங்க. ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து. நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்தவன் மொட்டைமாடிக்குக் கீழே பகல்ல எப்படித் தூங்குவான்? அதுவும் கான்கிரீட், இதுவும் கான்கிரீட்தான். வீட்டு ஓனர்கள்கிட்ட கேட்டா செலவுன்னுதான் சொல்வாங்க. ஜன்னலை எதிரெதிரா வைக்க என்ன பெரிய செலவு?

நகாஷிமா 1939-ல் கிளம்பினார். 1942-ல் அமெரிக்க அரசு, ஜப்பானிய வம்சம்ங்கிற ஒரே காரணத்துக்காக, கைக்குழந்தையோட அவர் குடும்பத்தை ஐடஹோ முகாம்ல அடைச்சது. அங்கே ஒரு ஜப்பானியத் தச்சர்கிட்ட, கிடைச்ச துண்டு மரத்தை வெச்சுத்தான் இழைப்புளி பிடிக்கிற நுணுக்கமெல்லாம் கத்துக்கிட்டார். மறு வருஷம் வெளியே கொண்டுவர உதவினதும் அதே ரேமண்ட்தான்.

இன்னிக்கு அவர் மேஜைகள் ஏலத்துல பல லட்சத்துக்குப் போகுது. கோல்கொண்டேல இன்னும் ஆட்கள் தங்கியிருக்காங்க, ஏ.சி. இல்லாம. பார்க்க முன்கூட்டியே அனுமதி வாங்கணும்.