படத்தில் அம்மா எங்கே?

(தொலைக்காட்சி அரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மலாக்கா மாநிலச் சாலைகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஜாசின், மெர்லிமாவ், டுரியான் துங்கல், மஸ்ஜித் தானா என்று நாலா பக்கமிருந்தும் வேன்கள் புறப்பட்டு அலோர் காஜா பக்கம் போகும். எங்கே? சிம்பாங் அம்பாட்டில் இருக்கிற ஆ ஃபமோசா நீர் விளையாட்டுப் பூங்காவுக்கு. வேனுக்குள் புளிச்சோறு, அவித்த முட்டை, மாற்றுத் துணி, மிதவை வளையம், இரண்டு பாட்டிகள், ஏழு பிள்ளைகள். பெரியவர்கள் எல்லார் கையிலும் கைத்தொலைபேசி.

மாலையில் வீடு திரும்பும்போது தொலைபேசியில் ஐந்நூறு படம் இருக்கும். பிள்ளை சறுக்கில் வருகிற படம், பிள்ளை ஐஸ்கிரீம் சாப்பிடுகிற படம், அப்பா கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிற படம். அம்மா எங்கே? தேடிப் பாருங்கள். ஒரு படத்தின் ஓரத்தில் ஒரு கை தெரியும். அந்தக் கையில் நாலு ஜோடி செருப்பும் ஈரத் துண்டும் இருக்கும். அதுதான் அம்மா!

பாட்டி? பாட்டி நிழலில் உட்கார்ந்து பைக்குக் காவல். "பாட்டி, கொஞ்சம் தள்ளி உட்காருங்க, படத்துல விழுறீங்க" என்று பேரன் சொல்கிறான். பாட்டியும் சிரித்துக்கொண்டே நகர்ந்து விடுகிறார். இதில் சிரிப்பதற்கு இருக்கிறது. ஆனால் யோசிப்பதற்கும் இருக்கிறது.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குப் படம் என்றால் என்ன என்று தெரியும். 1948-இல் இந்த நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அடையாள அட்டை வழங்கினார்கள். பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த எத்தனையோ பேர் வாழ்க்கையில் முதன்முதலாகப் படம் எடுத்துக்கொண்டது அதற்காகத்தான். அடுத்த படம் கல்யாணத்தில். அதற்கடுத்த படம்? பலருக்கு இல்லவே இல்லை.

அதனால்தான் லயத்து வீட்டில் ஒரு சாவு விழுந்தால், அழுகைக்கு நடுவிலேயே ஒருவர் பெட்டியைத் திறந்து தேடுவார். மாலை போட ஒரு படம் வேண்டுமே! கடைசியில் அந்த அடையாள அட்டைப் படம்தான் கிடைக்கும். நகம் அளவு படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்குவார்கள். வாழ்நாளெல்லாம் பேசிச் சிரித்த ஒரு மனுஷி, பேரப் பிள்ளைகளுக்கு விறைத்த முகமாக மட்டும் மிஞ்சிப் போவார்.

அன்றைக்குக் காமிராவுக்கு வசதி இல்லை. ஒரு ஃபிலிம் சுருளில் 36 படம். கழுவி எடுக்கத் தனிக் காசு. இன்றைக்கு அந்தக் குறை எதுவும் இல்லை. இருந்தும் அம்மாவும் பாட்டியும் படத்துக்கு வெளியேதான் இருக்கிறார்கள் என்றால், குறை காமிராவில் இல்லை; அதைப் பிடித்திருக்கும் கையில் இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்?

முதல் காரியம், பூங்காவுக்குள் நுழைவதற்கு முன்பே குடும்பத்தோடு ஒரு படம். தலை கலையவில்லை, துணி நனையவில்லை, யாருக்கும் இன்னும் கோபம் வரவில்லை! படம் எடுப்பவர் விடுபடக் கூடாது. பக்கத்தில் போகிறவரிடம் கேட்டால் மறுக்க மாட்டார். அது மலாய்க்காரக் குடும்பமாக இருக்கலாம், சீனக் குடும்பமாக இருக்கலாம். நீங்கள் அவர்களை எடுங்கள், அவர்கள் உங்களை எடுக்கட்டும்.

இரண்டாவது, வெயில். உச்சிப் பொழுதில் சூரியன் நேர் மேலே நிற்கும்போது கண் குழியில் நிழல் விழும். எல்லாரும் பத்து நாள் தூங்காதவர்கள் மாதிரித் தெரிவார்கள். காலையிலோ நாலு மணிக்கு மேலோ எடுங்கள். நடுப்பகலில்தான் எடுக்க வேண்டும் என்றால் மர நிழலில் நிறுத்துங்கள். நீர்ப் பூங்காவில் இன்னொரு சங்கதியும் உண்டு. லென்ஸில் ஒரு துளி தண்ணீர் பட்டால் போதும், படம் முழுக்கப் புகை மூட்டம். ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு எடுங்கள்.

மூன்றாவது, பிள்ளைகள். "சிரி… சிரிடா… இப்ப சிரிக்கப் போறியா, அடி வாங்கப் போறியா?" இப்படி மிரட்டி எடுத்த படம் எத்தனை வீட்டில் இருக்கிறது! மிரட்ட வேண்டாம். முழங்காலைத் தரையில் ஊன்றி, பிள்ளையின் கண் உயரத்துக்கு இறங்குங்கள். அவன் பாட்டுக்கு விளையாடட்டும். பாட்டியின் மடியில் தலை துவட்டிக்கொள்ளும்போது எடுங்கள். சிரிப்பு தானாக வரும். பாட்டியும் படத்துக்குள் வந்துவிடுவார்.

நான்காவது, இதை விளையாட்டாகச் சொல்ல முடியாது. தண்ணீர்ப் பக்கத்தில் காமிரா பிடிப்பவர் பிள்ளைக்குக் காவல் இல்லை. அவர் கண் திரையில் இருக்கிறது. ஒருவர் படம் எடுத்தால் இன்னொருவர் பிள்ளையைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் உயிர்காப்புச் சங்கம் 2018-இல் இதையேதான் எச்சரித்தது: பெற்றோர் தொலைபேசியில் மூழ்கினால் பிள்ளை தண்ணீரில் மூழ்கும். ஆள் இல்லையா, தொலைபேசியைப் பைக்குள் போடுங்கள். ஒரு படம் குறைந்தால் குடி முழுகாது.

எடுக்கிற எண்ணிக்கையும் குறையட்டும். அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழக உளவியலாளர் லிண்டா ஹெங்கல், 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய், சில பொருள்களைப் பார்க்க மட்டும் சொன்னார். சிலவற்றைப் படம் எடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டால், முழுதாகப் படம் எடுத்த பொருள்கள்தான் மனத்தில் குறைவாக நின்றன. காமிரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் சும்மா இருந்துவிட்டது! ஆனால் ஒரு பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருங்கிக் கவனித்து எடுத்தபோது அந்த மறதி வரவில்லை. ஐந்நூறு முறை அமுக்குவதைவிட, பாட்டியின் கையைப் பிடித்திருக்கும் பேத்தியின் விரலை ஒரு முறை பார்த்து எடுப்பது மேல்.

கடைசியாக ஒன்று. அந்தப் பூங்காவுக்கு ஆ ஃபமோசா என்ற பெயர் எங்கிருந்து வந்தது? 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் கட்டிய கோட்டையின் பெயர் அது. பின்னால் டச்சுக்காரர் கைக்குப் போய், 1807-இல் ஆங்கிலேயர் அதை இடிக்கத் தொடங்கினார்கள். அவ்வளவு பெரிய கோட்டையில் இடிபடாமல் நின்றது ஒரு வாசல்தான். அந்த வாசலின் நெற்றியில் 1670 என்று டச்சுக்காரர் பொறித்து வைத்திருக்கிறார்கள். ஆண்டு எழுதிய கல் இன்றைக்கும் பேசுகிறது.

நம் படங்களில் ஆண்டு இருக்கிறதா? பெயர் இருக்கிறதா? தொலைபேசி தண்ணீரில் விழுந்தால் ஐந்நூறும் போச்சு. ஆகவே ஊர் திரும்பிய வாரமே பத்துப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். கடையில் கொடுத்து அச்சுப் போடுங்கள். பின்பக்கத்தில் தேதி, இடம், யார் யார் என்று தமிழில் எழுதுங்கள். பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள்.

முடிந்தால் திரும்புகிற வழியில் பாட்டி பிறந்த தோட்டத்துப் பக்கம் வண்டியை நிறுத்துங்கள். பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கலாம், லயம் இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் வந்திருக்கலாம். "இங்கதான் எங்க வீடு இருந்துச்சு" என்று பாட்டி கை நீட்டிக் காட்டுவார். அந்தக் கையோடு சேர்த்து ஒரு படம் எடுங்கள். எந்தப் பூங்காவிலும் அந்தப் படம் கிடைக்காது.