சதுரம் சதுரமாக ஒரு போர்வை
(கொழும்பு, கொட்டாஞ்சேனையில் தோட்டத்துப் பெண்கள் மத்தியில் நிகழ்த்திய உரை)



நீங்கள் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கடைகளில், வீடுகளில் வேலை செய்கிறீர்கள். பிள்ளை நுவரெலியாக் குளிரில் அம்மாயியோடு இருக்கிறது. அதற்கு ஒரு கம்பளிப் போர்வை பின்ன ஆசைதான். "நேரம் எங்கேம்மா?" என்று கேட்கிறீர்கள்.

குரோஷே பின்னலுக்கு வேண்டியது ஒரே ஒரு கொக்கி ஊசி. அதில் நிற்பதும் ஒரே ஒரு வளையம். யாராவது கூப்பிட்டால் அந்த வளையத்தைப் பெரிதாக இழுத்து விட்டு எழும்பலாம், பின்னல் பிரியாது.

முழுப் போர்வையை நினைத்து மலைக்காதீங்க. 20 சென்ரிமீற்றர் சதுரமாகப் பின்னுங்கள். அகலத்துக்கு 5, நீளத்துக்கு 7, மொத்தம் 35 சதுரம். வாரம் 3 பின்னினால் 12 வாரத்தில் முடியும். பிறகு சேர்த்துத் தைத்துவிடலாம்.

நூலைக் கடனுக்கு வாங்க வேண்டாம். பழைய கம்பளிச் சட்டையைப் பிரித்து, சிட்டமாகக் கட்டி, அலசித் தொங்கவிட்டால் சுருள் போய்விடும்.

1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது, ஏழைப் பெண்கள் குரோஷே பின்னி விற்றுக் குடும்பத்தைக் காத்தார்கள். நம்ம முன்னோரும் பஞ்சம் பிழைக்க வந்தவங்கதானே!

ஆம்பிளைகளுக்கும் ஒரு வார்த்தை. இரவில் நீங்கள் பாத்திரம் கழுவினால் அவளுக்கு அரை மணி நேரம் கிடைக்கும். அந்தப் போர்வையில் உங்கள் பங்கும் இருக்கட்டும்.