கூரைக்கு ஒரு வாய், தெருவுக்கு ஒரு வாய்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கல்லூரி பேண்டு குழுவுக்குப் புது வாத்தியங்கள் வாங்கச் சங்கம் நிதி திரட்டி வருகிறது. ஸ்டோர் ரூமில் கிடக்கும் பழைய பித்தளை சூசாஃபோனை எடைக்குப் போட்டுவிட்டு, ஃபைபர் கிளாஸில் புதுசா ரெண்டு வாங்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. மூன்று வருஷம் அதைத் தோளில் சுமந்தவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள்.

சூசாஃபோனை எல்லோரும் பாத்திருப்பீங்க. வாசிப்பவரின் உடம்பை மலைப்பாம்பு மாதிரி சுற்றி, தலைக்கு மேலே அகன்ற வாயோட நிற்குமே, அதுதான். டூபா குடும்பத்தைச் சேர்ந்தது. பி-பிளாட் சூசாஃபோனின் சுருளைப் பிரித்து நீட்டினால் குழாய் ஏறக்குறைய 18 அடி வரும். சுருதியைத் தீர்மானிப்பது இந்த நீளம். ஆகவே பழசோ புதுசோ, நீளம் மாறவில்லை. மாறியது வாய், அதாவது பெல், அப்புறம் உடம்பு.

அமெரிக்க மரைன் பேண்டை 1880 முதல் 1892 வரை நடத்தியவர் ஜான் பிலிப் சூசா. அப்போது தோளில் மாட்டி வாசித்தது ஹெலிகான் என்ற வாத்தியம். அதன் ஒலி ஒரே பக்கமாகப் பாய்ந்தது சூசாவுக்குப் பிடிக்கவில்லை. ஒலி மேலே எழும்பி, குழு முழுவதையும் போர்வை போல மூட வேண்டும் என்று விரும்பினார். 1893-ல் பிலடெல்பியாவின் ஜே.டபிள்யூ. பெப்பர் நிறுவனம் அப்படி ஒன்றைச் செய்தது. 1898-ல் கான் நிறுவனமும் செய்தது. இரண்டிலும் வாய் வானத்தைப் பார்த்தது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே போகும். அதனால் 'மழை பிடிப்பான்' என்று கேலிப்பெயரும் வந்தது!

சூசாவுக்கு இது குறையாகப் படவில்லை. 1892-ல் அவர் தொடங்கிய சொந்தக் குழு பெரும்பாலும் அரங்கில் உட்கார்ந்து வாசித்தது. நடந்து வாசித்தது மிக அரிது. அரங்கில் கூரை உண்டு. மேலே போன ஒலி கூரையில் பட்டுக் கலந்து இறங்கும்.

தெருவுக்கு ஏது கூரை? அணிவகுப்புக் குழுக்களுக்கு எதிரே நிற்கும் ஜனங்களின் காதில் தாளம் பளிச்சென்று விழ வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாயை முன்பக்கம் திருப்பினார்கள். 22 அங்குலமாக இருந்த வாய், பிறகு 24, 26 என்று அகன்றது. இன்று நாம் பார்ப்பது அந்த வடிவம்தான். அதட்டல் கூடியது, அந்தப் போர்வைத்தனம் குறைந்தது.

அடுத்து எடை. பித்தளை சூசாஃபோன் நல்ல கனம். பெரியவை இன்னும் கனம். ஆகஸ்ட் 15 வெயிலில் அதைச் சுமந்த தோளுக்குத்தான் தெரியும். 1960-களில் ஃபைபர் கிளாஸ் வந்தது. உடம்பும் வாயும் மட்டும் ஃபைபர். வால்வும் அதை ஒட்டிய குழாய்களும் பித்தளைதான். எடை நன்றாக இறங்கியது. ஒல்லியான முதலாண்டு மாணவனும் மாணவியும் தூக்கலாம். ஆனால் பித்தளையின் கனத்த குரல் அதில் வராது என்பது வாசிப்பவர்கள் பலரின் அனுபவம். என் காதும் அதையே சொல்கிறது. இன்னொன்று, பித்தளை நசுங்கினால் ஒடுக்கு எடுத்துவிடலாம். ஃபைபர் விரிசல் விட்டால் ஒட்டுத்தான் போட வேண்டும்.

இன்ஜினியரிங் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். புது மாடல் வந்தால் பழைய மாடல் தோற்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹெலிகானைக் கேட்ட கேள்வி வேறு, தெருவைக் கேட்ட கேள்வி வேறு, பிள்ளைகளின் தோளைக் கேட்ட கேள்வி வேறு. ஒவ்வொரு திருத்தமும் ஒன்றை வாங்க இன்னொன்றைக் கொடுத்திருக்கிறது. கொடுத்தது என்ன என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். மைதானத்துக்கு ஃபைபர் வாங்குவோம். பிள்ளைகள் முதுகு முக்கியம். பழையதை எடைக்குப் போட வேண்டாம். போன வாரம் போய்ப் பார்த்தேன். பெல்லில் இரண்டு ஒடுக்கு, வால்வு ஒன்று இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். நல்ல கைவேலைக்காரர் சரிசெய்துவிடுவார். கல்லூரி நாள் விழாவில், இந்த அரங்கத்தில், அது உட்கார்ந்து வாசிக்கட்டும். பழுது பார்க்கும் செலவில் பாதியை நான் தருகிறேன். மீதிப் பாதிக்கு என் வகுப்புத் தோழர்களைப் பார்க்கிறேன்.