முதல் ஆர்டரை யார் தருவது?

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, கணபதியிலும் பீளமேட்டிலும் பட்டறை ஷட்டரை இறக்கிவிட்டு நேரே இங்கே வந்திருக்கும் தொழில் முனைவோரே, பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளே!

லேசிக் என்ற கண் சிகிச்சையை நீங்கள் அறிவீர்கள். லேசரால் கருவிழியைச் செதுக்கி, கண்ணாடி போட வேண்டிய தேவையைக் குறைக்கிறார்கள். அதில் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. எவ்வளவு உறுதியாக ஓரிடத்தையே பார்த்தாலும் கண் சும்மா இருக்காது. நமக்கே தெரியாமல் அசைந்துகொண்டே இருக்கும். அசையும் கண்ணில் லேசர் எப்படிக் குறி தவறாமல் விழும்?

இதற்கு ஒரு விடை விண்வெளியிலிருந்து வந்தது. ஒரு விண்கலம் இன்னொன்றை நெருங்கி, மனிதத் துணையின்றித் தானே இணைந்துகொள்வதற்காக உருவான லேசர் ராடார் நுட்பம் அது. பணம் கொடுத்தவை நாசாவும், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஏவுகணைத் தடுப்புப் பிரிவும். அந்த நுட்பத்தைக் கண் சிகிச்சைக்குக் கொண்டுவந்தது ஃபுளோரிடாவிலிருந்த ஆட்டோனமஸ் டெக்னாலஜீஸ் என்ற சிறு நிறுவனம். நொடிக்கு 4,000 முறை கண்ணின் இடத்தை அளந்து, கண் போகும் இடத்துக்கெல்லாம் லேசரையும் கொண்டுபோனது அவர்களின் கருவி. ராணுவத்துக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி, சுற்றிவளைத்து, கண்ணாடி இல்லாமல் படிக்க விரும்பிய ஒரு மனிதரிடம் வந்து சேர்ந்தது.

இது தற்செயலாக நடந்ததன்று. இதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் ரோலண்ட் டிபெட்ஸ் என்ற அதிகாரி இருந்தார். ஆராய்ச்சிப் பணம் பெரிய கம்பெனிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்குமே போய்க்கொண்டிருந்த காலம். சிறு நிறுவனங்களுக்கென்று ஒரு பங்கைத் தனியே எடுத்துவைக்க அவர் ஒரு திட்டம் வகுத்தார். 1977-இல் அது அங்கே தொடங்கியது. 1982-இல் அதிபர் ரீகன் கையெழுத்திட, நாடு முழுமைக்குமான சட்டமாயிற்று. அதைத்தான் எஸ்.பி.ஐ.ஆர். என்கிறார்கள். வெளி ஆராய்ச்சிக்கு ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவிடும் ஒவ்வொரு மத்தியத் துறையும், அதில் 3.2 விழுக்காட்டைச் சிறு நிறுவனங்களுக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது அதன் விதி. இதில் அதிகம் கொடுப்பது ராணுவம். அடுத்து நிற்பது சுகாதாரத் துறை. பங்கு கேட்பதில்லை, வட்டி கேட்பதில்லை. கண்டுபிடிப்பின் உரிமை கண்டுபிடித்தவரிடமே இருக்கும். இன்று உலகம் முழுவதும் செல்போன்களுக்குள் இருக்கும் குவால்காம், 1985-இல் தொடங்கிய சின்னக் கம்பெனியாக இருந்தபோது, இந்தப் பணத்தையும் வாங்கி வளர்ந்ததுதான்.

இந்தச் சட்டத்தின் மூன்றாம் கட்டத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் கட்டத்தில் யோசனை சாத்தியமா என்று பார்க்கப் பணம். இரண்டாம் கட்டத்தில் மாதிரி செய்யப் பணம். மூன்றாம் கட்டத்துக்கு இந்த நிதியிலிருந்து ஒரு டாலரும் கிடையாது. ஆனால் வேறொன்று உண்டு: முந்தைய கட்டங்களில் உருவான பொருளை, மறுபடி போட்டி டெண்டர் விடாமல், அதைச் செய்த நிறுவனத்திடமே அரசுத் துறை நேரடியாக வாங்கலாம். அதாவது, மாதிரி செய்தவனுக்கு முதல் ஆர்டர் கிடைக்க ஒரு வழியைச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம்மிடமும் திட்டங்கள் இருக்கின்றன. இல்லை என்று சொன்னால் அது பொய். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2005-இலேயே சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கென்று எஸ்.பி.ஐ.ஆர்.ஐ. திட்டத்தைத் தொடங்கியது. 2012-இல் வந்த பைராக் நிறுவனம், ஒரு யோசனையைச் சோதித்துப் பார்க்க 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. பாதுகாப்புத் துறையின் ஐடெக்ஸ் திட்டமோ நம் மண்ணில் பிறந்தது. 2018 ஏப்ரல் 12 அன்று, சென்னைக்குத் தெற்கே திருவிடந்தையில் நடந்த ராணுவத் தளவாடக் கண்காட்சியில் பிரதமர் அதைத் தொடங்கிவைத்தார். அதில் ஒன்றரைக் கோடி வரை கிடைக்கும்; பின்னர் வந்த அதிதி திட்டத்தில் 25 கோடி வரை. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் கோவையும் ஒன்று. கோவைச் சிறுதொழில் சங்கமான கொடிசியா நடத்தும் பாதுகாப்புத் தொழில் வளர்ப்பு மையமும் இங்கேயே இருக்கிறது.

ஆனால் ஐடெக்ஸ் ஒரு ரூபாய் கொடுத்தால் நீங்களும் ஒரு ரூபாய் போட வேண்டும். எட்டுப் பேரை வைத்து லேத் ஓட்டுகிறவர், மாசா மாசம் ஜாப் ஒர்க் பில்லுக்குக் காத்திருக்கிறவர், ஒன்றரைக் கோடிக்கு எங்கே போவார்? வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பார். வைத்து, இரவு பகல் பாராமல் உழைத்து, மாதிரியைச் செய்துவிடுவார். அந்தக் கைத்திறன் கோவைக்கு உண்டு. ராணுவப் பரிசோதனையிலும் தேறிவிடுவார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு? பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறையில் ஐடெக்ஸ் பொருளை வாங்க வழி வைத்திருக்கிறார்கள். அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்த வழியில் கோப்பு நகரும் வேகத்துக்கும், வங்கியில் வட்டி ஏறும் வேகத்துக்கும் பொருத்தமே இல்லை.

மருத்துவக் கருவியில் நிலைமை இன்னும் கடினம். உரிமம் வேண்டும், தரச் சான்று வேண்டும், நோயாளிகளிடம் சோதித்த முடிவுகள் வேண்டும். அதில் தவறில்லை, உடம்புக்குள் போகும் பொருளை அப்படித்தான் சோதிக்க வேண்டும். அத்தனையும் முடித்து டெண்டருக்குப் போனால், கடந்த ஆண்டுகளின் விற்பனைக் கணக்கைக் கேட்கிறார்கள். புதிதாகப் பிறந்த பொருளுக்கு ஏது பழைய விற்பனை? நிபந்தனையைத் தளர்த்த விதி உண்டு. ஆனால் உயிர் காக்கும் கருவி என்றதும் அந்த விதியைத் தொட அதிகாரி பயப்படுகிறார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். நாளைக்குத் தணிக்கை வந்தால் பதில் சொல்லப்போவது அவர்தான்.

ஒரு பொருளை உதாரணமாகச் சொல்கிறேன். இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுக்கிறார்கள். அது ரத்தத்தை ஒட்டிக்கொண்டு காயத்தை அடைக்கும். அமெரிக்க ராணுவத்தின் பணத்தில் ஓரிகன் மாநிலத்தில் உருவான ஹெம்கான் கட்டு, ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் காயம்பட்ட வீரர்களுக்குப் பயன்பட்டது. நம் நாட்டில் ஆக்ஸியோ பயோசொல்யூஷன்ஸ் அதே கைட்டோசானில் கட்டு செய்தது. நம் படைகளும் பயன்படுத்தின. போர்முனையில் தொடையில் குண்டு பாய்ந்தவருக்கும், அவினாசி சாலையில் லாரி மோதி விழுந்தவருக்கும் முதல் சில நிமிடங்களில் தேவை ஒன்றுதான்: ரத்தம் நிற்க வேண்டும். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது தமிழ்நாடு அரசு. 2021 டிசம்பரில் அந்தத் திட்டம் வந்தபோது நெஞ்சாரப் பாராட்டினேன். அந்த 48 மணி நேரத்தின் முதல் பத்து நிமிடத்துக்கான கருவியை நம் சிறு பட்டறைகள் செய்ய முடியும். வாங்குவோம் என்று அரசு சொன்னால் போதும்.

அமெரிக்க முறையில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. மானியத்துக்கு மேல் மானியம் வாங்கி, ஒரு பொருளையும் சந்தைக்குக் கொண்டுவராத நிறுவனங்கள் அங்கே பெருகின; 2022-இல் விதியை இறுக்க வேண்டி வந்தது. 2025 செப்டம்பர் 30 அன்று காலக்கெடு முடிந்தபோது, நாடாளுமன்றம் உரிய நேரத்தில் புதுப்பிக்காததால் சட்டமே காலாவதியானது. நாற்பது ஆண்டு கண்ட சட்டத்துக்கே அந்த நிலை என்றால், பட்ஜெட் உரையில் வரும் அறிவிப்பை மட்டும் நம்பி நாம் எப்படிக் கடன் வாங்குவது? 2022 பட்ஜெட்டில், பாதுகாப்பு ஆராய்ச்சி நிதியில் 25 விழுக்காட்டைத் தொழில்துறைக்கும் ஸ்டார்ட்-அப்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் திறந்துவிடுவதாக நிதியமைச்சர் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. அதில் சிறு தொழிலுக்கு மட்டும் எவ்வளவு என்பதைச் சட்டத்தில் எழுதுங்கள் என்பதே என் கோரிக்கை.

ஆகவே இந்த அவை இன்று மூன்று கோரிக்கைகளைத் தீர்மானமாக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். பாதுகாப்பு, சுகாதாரம் இரண்டின் ஆராய்ச்சி நிதியிலும் சிறு தொழிலுக்கான பங்கு சட்டமாக வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறைக்குச் சரிபாதிப் பணம் போடும் நிபந்தனையை நீக்க வேண்டும். 1994-இல் தொடங்கப்பட்டு, மாநிலம் முழுமைக்கும் மருந்து வாங்கிக் கொடுக்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், உரிமமும் சான்றும் பெற்ற உள்ளூர்க் கருவிகளுக்கு, பழைய விற்பனைக் கணக்குக் கேட்காமல், சில மாவட்ட மருத்துவமனைகளில் வைத்துப் பார்க்கும் அளவுக்கேனும் முதல் ஆர்டர் தர வேண்டும். வழிமொழிய விரும்பும் மருத்துவர் ஒருவர் மேடைக்கு வருமாறு அழைக்கிறேன்.